ஆறு சட்டி சீமைத்தக்காளி

யூனிசுக்கு அன்றைக்கும் இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுப் பின்முற்றத்துக்கு ஓடினாள். சற்று முன்பு துவைகல்லின் மேல் கிடந்த வெயில், முறத்தளவுதான் அது, இரண்டு முழம் நகர்ந்து கிணற்றடிக்குப் போயிருந்தது. ஆறு மண்சட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அதன் பின்னாலேயே கொண்டுபோய் வைத்தாள். வைத்து நிமிர்வதற்குள் உள்ளே சோறு பொங்கி அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

மதில் மேல் சபீதாவின் தலை தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரி. நூல் சுற்றுகிற நேரம் போக மீதி நேரத்துக்கு அவளுக்கு இந்த மதில்தான் பொழுதுபோக்கு.

"ஏளா யூனிசு, பெத்த பிள்ளையக்கூட ஒருத்தியும் இப்படி இடுப்புல வச்சித் திரியமாட்டா. இது என்னளா செடி? இம்புட்டு சீராட்டு சீராட்டுத!"

"சீமைத்தக்காளி லாத்தா. கத்திரி இனமாம். பழம் செக்கச்செவேல்னு இருக்கும்."

"செடியப் பாத்தா காமாலை கண்டவ மாதிரில்லா இருக்கு."

சபீதா சொன்னது பொய்யில்லை. நாற்றுகள் வெளிச்சத்துக்கு ஏங்கி நூல்போல நீண்டு, வெளிறி, தன் தலையைத் தானே தாங்கமாட்டாமல் சாய்ந்து கிடந்தன. பாளையங்கோட்டைப் போர்டிங் பள்ளியில் யூனிசுக்குப் பாடம் சொன்ன துரைசானி, சீமைக்குத் திரும்புகிறபோது ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்த விதைகள் அவை. நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்துப் போடு என்றுதான் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் யூனிசின் புருஷன் சத்தியநேசன் வாத்தியாருக்குப் புரட்டாசியில் மேலப்பாளையத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிவிட்டது. கிடைத்த வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்தால் பாவடி.

பாவடி என்றால் நெசவாளிகள் பாவு நீட்டுகிற இடம். கிழக்கு மேற்காக ஒரு தெரு நீளத்துக்குக் கிடக்கும். அதன் நெடுக வரிசையாகப் புளியமரங்கள். துணியின் நீளத்துக்கு ஓடுகிற நூலை அங்கே இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நார்ப் புருசால் நீவிக்கொண்டே போவார்கள். நிழலில் பையக் காய்ந்தால் நூல் பதமாக இருக்கும். வெயில் பட்டால் முறுகி அறுந்துபோகும். ஆகவே அந்த மரங்களின் நிழல் அவர்களுக்குத் தறிக்குச் சமானம். பாவடிக்கு வடக்கே யூனிசின் வீடு. மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து போக, அத்தனை மரத்து நிழலும் மதில் தாண்டி அவள் முற்றத்தில் வந்து படுத்துக்கொண்டது.

அதற்குள் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டுவிட்டாள்.

கார்த்திகையில் பாளையங்கோட்டைச் சபையில் மாதர் கூட்டம் நடந்தபோது, வரப்போகிற ஸ்தோத்திரப் பண்டிகைக்கு யார் யார் என்ன முதற்பலன் கொண்டுவருவது என்று பேச்சு வந்தது. மாசி பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வேதக்கோயிலில் கொண்டாடுகிற பண்டிகை அது. நெல், தேங்காய், கோழி, பூசணி என்று ஜனங்கள் படைப்பார்கள். ஆராதனை முடிந்து எல்லாம் ஏலத்துக்கு வரும். சத்தியநேசனின் அக்காள் சாரம்மாள் வருஷா வருஷம் ஆள் உயரச் செவ்வாழைத் தார் கொண்டுவந்து நிறுத்துவாள். போன வருஷம் யூனிசு கொண்டுபோனது ஒரு கட்டு முருங்கைக்காய். "விறகு எதுக்கு கோயிலுக்கு?" என்று அப்போது சாரம்மாள் கேட்டதை யூனிசு மறக்கவில்லை.

"நான் சீமைத்தக்காளி ஒரு கூடை கொண்டாருதேன்" என்று எழுந்து சொல்லிவிட்டாள்.

சாரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒன் முத்தத்துல பாசியே காயமாட்டேங்குது, தக்காளி காய்க்குமாக்கும்! ஏளா, நீ மட்டும் ஒரு கூடை கொண்டா, நானே ஏலத்துல எடுத்து, தலையில வச்சி, கோயில் தெரு முழுக்க நடக்கேன். இத்தனை பேரும் சாட்சி."

அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று முதல் யூனிசுக்குச் சாப்பிட்டால் இறங்கவில்லை, உட்கார்ந்தால் தரிக்கவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கும்போதெல்லாம் முற்றத்தில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து அங்கே ஒரு குச்சி நட்டாள். பத்து நாளில் குச்சிகள் ஒரு வரிசையாயின. அந்த வரிசையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. நேர் எதிரே நின்ற புளியமரத்தின் உச்சியில், முழங்கையை மடக்கினாற்போல் ஒரு கொப்பு. அது ஒன்று போனால் முற்றத்தின் நடுவில் ஒரு பாயளவு வெயில் உச்சிவேளையில் நன்றாக விழும்.

"லாத்தா, அந்த உச்சிக் கொப்பு ஒண்ண மட்டும் தறிச்சா என்ன?" என்று சும்மா கேட்பதுபோல் சபீதாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டே! அந்த மரத்துல கை வச்சா எங்க வீட்டு அவுக கைய வச்சவன் கைய எடுத்துருவாக." சபீதா சிரித்துக்கொண்டே ஒரு செம்பை மதில் மேல் வைத்தாள். "இந்தா, பாவுக்குக் காய்ச்சுன கஞ்சியில அடிவண்டல். ஒன் சீக்காளிப் பிள்ளைகளுக்கு ஊத்து."

யூனிசு ஊற்றினாள். கஞ்சி குடித்தும் செடி தேறவில்லை.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மட்டும் பாவடியில் ஈ காக்கை இருக்காது. ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்கு ஜும்மா தொழப் போய்விடுவார்கள். தை பிறந்து முதல் வெள்ளியன்று, விறகு விற்கிற சுடலையாண்டியை அவள் கொல்லை வழியாக வரச்சொன்னாள்.

சுடலையாண்டி மரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரும் கேட்டா என்னம்மா சொல்ல?"

"காத்துல முறிஞ்சிட்டுன்னு சொல்லு."

"தை மாசத்துல என்ன காத்தும்மா?"

"கொப்பு ஒனக்கு, வெயில் எனக்கு. ஏறு சுடலை, அவுக வந்திருவாக."

அவன் ஏறினான். கொப்பு விழுந்த சத்தத்தில் காகங்கள் எல்லாம் எழும்பிக் கத்தின. அவள் முற்றத்தின் நடுவில், குச்சி வரிசைக்குச் சரியாக, வெயில் பாய் விரித்ததுபோல் வந்து விழுந்தது. யூனிசு ஆறு சட்டிகளையும் உடைத்துச் செடிகளை அங்கேயே நட்டுவிட்டாள். இனி ஓடவேண்டியதில்லை.

ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. சாயங்காலமே பாவடியில் சபீதாவின் புருஷன் நூகின் குரல் கேட்டது. அதிர்ந்து பேசாத மனுஷன். அன்றைக்குத்தான் அவர் சத்தம்போட்டு யூனிசு கேட்டாள்.

"ஏலே சுடலை, பொய் சொல்லாத. ஒன் வீட்டு முன்னால பச்சைப் புளிய விறகு காயுதத எங்க பயலுவ பாத்துட்டு வந்திருக்கானுவ. இனி எங்க தெருவுல விறகுன்னு கூவிக்கிட்டு வந்த, நடக்கதே வேற."

சுடலையாண்டி யார் பெயரையும் சொல்லவில்லை. மறுநாள் கொல்லைக் கதவருகே வந்து நின்று, "விறகு விக்க நாலு தெரு போச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவள் ஓர் ஓலைப்பெட்டி அரிசியோடு பின்னால் ஓடினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"படுபாவி, ஒரு சுமை விறகுக்கு எங்க மரத்துல கை வச்சிட்டானே" என்றாள் சபீதா மதில்மேல். யூனிசு "உம்" என்றாள். கஞ்சிச் செம்பு வழக்கம்போல் மதிலுக்கு வந்தது. வாங்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பாளே என்று வாங்கினாள்.

செடிகளுக்கு இது ஒன்றும் தெரியாது. பச்சை ஏறி, தண்டு தடித்து, மாசிப் பிறப்பில் மஞ்சள் பூ வைத்தன. பூ உதிர்ந்து காயாகி, காய் பழுக்கத் தொடங்கியது. வெயிலும் தாராளமாகிக்கொண்டே வந்தது. குச்சி வரிசையைத் தாண்டி, கிணற்றடி தாண்டி, மதில் அடி வரைக்கும் வெயில். ஆண்டவர் கிருபை என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பங்குனி நடுவில் பண்டிகை ஞாயிறும் வந்தது. பிற்பகல் ஆராதனைக்குப் பாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சத்தியநேசன் காலையிலேயே பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். யூனிசை வண்டியில் ஏற்றிப் போவதாகச் சாரம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். தம்பி பெண்டாட்டி மேல் பட்சம் என்பதைவிட, கூடையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடவேண்டும் என்பதுதான் காரணம்.

பதினொரு மணி இருக்கும். வெள்ளைச் சேலை உடுத்தி, பனையோலைக் கூடையில் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள் யூனிசு. ஒவ்வொன்றும் குங்குமச் சிமிழ் மாதிரி. கடைசிப் பழத்தைப் பறிக்கக் குனிந்தபோது மதிலுக்கு அப்பால் நூகு கத்தினார்.

"தண்ணி தெளிலே! போச்சு, அதும் போச்சு!"

"என்ன லாத்தா?" என்றாள் யூனிசு, மதிலருகே வந்து நின்ற சபீதாவிடம்.

"என்னத்தச் சொல்ல? பத்து நாளா இதே கூத்துதான். எந்தப் பாவு நீட்டினாலும் நடுவுல முறுகி அறுந்து போவுது. அவுக ராத்திரி சோத்துல கையே வைக்கல."

யூனிசு கொல்லைக் கதவைத் திறந்தாள். பாவடி நெடுக நிழல், அந்த நிழலில் வெள்ளை நூலாக ஒரு பாவு. அதன் மேல் ஓர் இடத்தில் மட்டும் பாயளவு வெயில் கிடந்தது. நூகும் அவர் தம்பி முகம்மது மைதீனும் அந்த இடத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு நின்றார்கள். அவள் கண்முன்னாலேயே நூல்கள் பட்பட்டென்று தெறித்தன. வெயில் கிழக்கே விரல்கடை நகர்ந்தது. அடுத்த நூல்கள் தெறித்தன.

அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் முழங்கைக் கொப்பு இருந்த இடம் நீல வானமாக இருந்தது. திரும்பித் தன் முற்றத்தைப் பார்த்தாள். அங்கே பாயளவு வெயில் என்று தனியாக எதுவும் இல்லை. முற்றம் முழுக்க வெயில். ஒரு கொப்பும் வெட்டாத மற்ற மரங்களுக்கு நேர் எதிரேயும் அதே வெயில். மார்கழியில் தெற்கே சாய்ந்திருந்த சூரியன் நடுவானத்துக்கு ஏறி வந்துவிட்டது, அவ்வளவுதான். நெசவாளிகளின் நிழலைக் கெடுத்துப் பாயளவு வாங்கிய வெயில், இப்போது முற்றம் கொள்ளாமல் சும்மா வந்து கிடக்கிறது. நாலைந்து வாரம் கை கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். சும்மா இருப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியாது.

வாசலில் வண்டி மாட்டின் சலங்கை கேட்டது. "ஏளா யூனிசு! புறப்பட்டாச்சா, இல்ல இந்த வருசமும் விறகுதானா?"

கூடையை இடுப்பில் வைத்தபடி யூனிசு பாவடிக்குள் இறங்கி நடந்தாள். ஆண்கள் புழங்குகிற இடம். நூகு புருசைக் கீழே விட்டு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, சுடலை மேல குத்தமில்ல. அந்தக் கொப்ப நான்தான் வெட்டச் சொன்னேன்."

நூகுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீங்களா? வாத்தியாரம்மாவா?"

"ஆமா."

"எதுக்கும்மா?"

அவள் கூடையைச் சற்றுச் சாய்த்துக் காட்டினாள்.

அவர் பழங்களைப் பார்த்தார். "இதத் திங்கவா?"

"இல்ல அண்ணாச்சி. காட்ட."

மதிலுக்கு அந்தப் பக்கம் சபீதா தன் வீட்டுக் கொல்லைக் கதவைப் படீரென்று சாத்துகிற ஓசை கேட்டது. அதே கணம் பாவில் மூன்று நூல் ஒன்றாகத் தெறித்தது. யூனிசு கூடையை மரத்தடியில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் ஓடி, கட்டிலில் கிடந்த கோரைப்பாயை உருவிக்கொண்டு வந்தாள். ஒரு முனையைத் தலைக்கு மேல் தூக்கினாள். முகம்மது மைதீன் அண்ணனைப் பார்த்தான். நூகு தலையசைக்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. அவன் மறுமுனையைப் பிடித்தான். பாவின் மேல் நிழல் விழுந்தது.

தேடிக்கொண்டு சாரம்மாள் கொல்லைக் கதவுக்கு வந்துவிட்டாள். மரத்தடிக் கூடையைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. "காய்ச்சிருக்கே! அடியாத்தி, நெசமாவே காய்ச்சிருக்கே! இங்கன என்னளா பந்தல் பிடிச்சிக்கிட்டு நிக்க? நேரமாச்சு, கூடைய எடு."

"அது கோயிலுக்கு இல்ல மைனி."

"பெறகு?"

"களவு வெயில்ல காய்ச்சது. கொண்டாரமாட்டேன்."

சாரம்மாள் மூன்று பேரையும் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. புரிந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்ப தோத்துட்டேன்னு சொல்லு."

"தோத்துட்டேன் மைனி. எல்லார்ட்டயும் சொல்லுங்க."

சலங்கைச் சத்தம் தெருக்கோடிக்குப் போய்த் தேய்ந்தது. யூனிசின் கை கடுத்தது, வெள்ளைச் சேலை வேர்வையில் முதுகோடு ஒட்டியது. "அண்ணாச்சி, சுடலையத் தெருவுக்குள்ள விட்டுருங்க" என்றாள்.

"அது நான் அவன்ட்ட பேசிக்கிடுதேன்" என்றார் நூகு, நூலிலிருந்து கண்ணெடுக்காமல். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி முடிந்துகொண்டிருந்தார்.

சாத்திய கதவு மறுபடியும் திறந்தது. சபீதா ஒரு பெரிய பாயைச் சுருளாகப் பாவடிக்குள் எறிந்தாள். யூனிசு நின்ற பக்கமே பார்க்கவில்லை. திரும்பப் போனவள் சட்டென்று நின்று, "ஏளா, ஆடு! ஆடு!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான் தான் பேசாமல் இருக்கவேண்டியவள் என்ற நினைப்பு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

யாருடைய ஆடோ, கூடைக்குள் தலையை விட்டிருந்தது. செஞ்சாறு அதன் தாடியில் வழிந்தது. யூனிசு பார்த்தாள். இரண்டு கையும் பாயில் இருந்தன.

"பாய உசத்திப் பிடிங்கம்மா" என்றார் நூகு. "வெயில் நகருது."

அவள் கிழக்கே ஓர் எட்டு வைத்தாள்.