வயதில் மூத்தவர்

வாக்குகள் சமமாக வந்திருக்கின்றன என்று கேட்டதும் நிடியா முதலில் செய்த காரியம், கடைக் கதவைச் சாத்தியதுதான். பிறகு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கோஸ்டா ரிக்கா முழுவதும் அன்று நகராட்சித் தேர்தல். ஹிகெரோன் என்ற அந்த மலைக் கிராமத்துக்கும் ஒரு வட்டாரப் பிரதிநிதி வேண்டும். ஊதாக் கொடி கட்டிய உள்ளூர்க் கட்சிக்கு நிடியா, மஞ்சள் கொடிக்குச் சுலாய். ஊரின் தகரக் கூரைகளில் பாதி ஊதா, பாதி மஞ்சள். மனிதர்களும் அப்படியே பிரிந்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

பின்வாசல் வழியாக யாடிர் வந்தான். கட்சியின் செயலாளர், சின்ன வயதுக்காரன். மூத்த பெண்களை ஊர் வழக்கப்படி மரியாதையாக 'டோன்யா' என்றும் ஆண்களை 'டான்' என்றும்தான் கூப்பிடுவான். கட்சி தொடங்கியபோது தேசியக் கொடியின் நிறங்களையே கட்சிக் கொடிக்கு வைக்க ஆசைப்பட்டான். அது கூடாது என்று தேர்தல் தீர்ப்பாயம் சட்டத்தைக் காட்டியதும், தேசிய மலரான குவாரியாவின் ஊதாவுக்கு இறங்கி வந்தான். அன்றிலிருந்து சட்டப் புத்தகம் அவன் கையை விட்டு இறங்கவில்லை.

"டோன்யா நிடியா, என்ன இருட்டுல உக்காந்திருக்கீங்க? நீங்க ஜெயிச்சுட்டீங்க!"

"சமம்னுதானே சொன்னாங்க?"

"சமமா வந்தா வயசுல மூத்தவங்களுக்குத்தான் பதவி. நாட்டோட ஜனாதிபதிக்கே அதுதான் விதி. பதிவுல பாத்துட்டேன். நீங்க ஆகஸ்ட், அவங்க அதுக்கு அடுத்த ஜனவரி. நீங்கதான் மூப்பு."

அடுப்படியிலிருந்து அபெல் எட்டிப் பார்த்தான். நிடியாவின் கணவன்.

"கெழவின்னு ஒரு தடவ சொன்னதுக்கு மூணு நாள் காப்பி குடுக்கல. இப்பப் பாரு, அதுக்கு நாற்காலியே போட்டுக் குடுக்கறாங்க."

யாடிர் வாய்விட்டுச் சிரித்தான். நிடியா சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்று தெரியும்.

சுலாய்தான் மூத்தவள். அவள் பிறந்தது மே மாதத்தில், முதல் மழை விழுந்த வாரத்தில். அவளுடைய அப்பா அப்போது மலையை விட்டு இறங்கவில்லை. பிறகு காப்பி அறுவடை வந்துவிட்டது. பழம் பறித்து முடித்து, ஜனவரியில் டவுனுக்குப் போனபோதுதான் பிறப்பைப் பதிய நினைவு வந்தது. தாமதத்துக்குத் தண்டம் போடுவார்கள் என்று வழியில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். குழந்தை போன வாரம்தான் பிறந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். குழந்தையைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதே மலையில் அந்த ஆகஸ்டில் பிறந்த நிடியாவை மட்டும், ஒழுங்காக அந்த மாதமே பதிந்தார்கள். அம்மா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள்: "நீ பொறந்தப்ப சுலாய் குப்புற விழுந்துட்டா."

நிடியாவுக்கு அந்தப் பதவி வேண்டும். அதுதான் சங்கடம். திரை மறைவில் தனியாக நின்று, ஊரில் பாதிப் பேர் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டிருக்கிறார்கள். அறுபது வயது வரை எதற்கும் அவளை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. அபெல்கூட அவளுடைய அக்காவைப் பார்க்க வந்தவன்தான்.

ஆனால் அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரியும். நகர மன்றத்தில் வட்டாரப் பிரதிநிதி பேசலாம், வாக்களிக்க முடியாது. குரல் மட்டும்தான் உண்டு. நிடியாவுக்கு இல்லாதது அந்தக் குரல். கடையில் எடை போட்டபடி ஊர்க் கதையெல்லாம் கேட்பாள். நாலு பேர் நடுவில் எழுந்து நின்றால் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டு உட்கார்ந்துவிடுவாள். சுலாய் குடிநீர்க் குழுவின் தலைவி. அவள் போன் செய்தால் அதிகாரிகள் எழுந்து நின்று பேசுவார்கள் என்று சொல்வார்கள். அவளிடம் திட்டு வாங்காதவர்கள் ஊரில் பாதிப் பேர், அந்தப் பாதிதான் அவளுக்கு வாக்களித்தது என்பது அபெலின் கணக்கு.

பிரசாரத்தில் இருவரும் கேட்டது ஒன்றையேதான், ஒரு பாலம். அக்டோபர் வெள்ளம் தொங்குபாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரைப் பிள்ளைகள் காப்பித் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள்.

மறுநாள் பிற்பகல், காப்பி நேரத்தில், நிடியா சுலாயின் வீட்டுக்குப் போனாள். சுலாய் ஏணியில் நின்று கூரையிலிருந்த மஞ்சள் கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்ததுதான் வந்த, ஏணியப் பிடி."

நிடியா பிடித்துக்கொண்டாள்.

"சுலாய், நீ எனக்கு மூத்தவ."

"தெரியும்."

"உங்கம்மா உன்ன இடுப்புல வெச்சுக்கிட்டே என்னக் குளிப்பாட்டினாளாம். எங்கம்மா சொல்லியிருக்கா."

"தெரியும்கறேன்ல. இந்தா, கொடிய வாங்கு."

"தீர்ப்பாயத்துல போய்ச் சொல்லலாம்."

"என்னன்னு? செத்துப்போன எங்கப்பன் பொய் சொன்னான்னா? அந்தத் தேதியிலதான் பள்ளிக்கூடம் சேர்ந்தேன், கல்யாணம் பண்ணேன், அடையாள அட்டை வாங்கினேன். ஒரு நாற்காலிக்காக மறுபடியும் பொறக்கச் சொல்றியா?" சுலாய் ஏணியிலேயே திரும்பி உட்கார்ந்தாள். "யிகுயிர்ரோ குருவி கத்திக் கத்தி மழையக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு நான் பொறந்தேனாம். தேசியப் பறவையே சாட்சி. பேப்பர்ல பாத்தா வறட்சிக்குப் பொறந்தவ."

நிடியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இந்த நாட்டையே பாரேன்," என்றாள் சுலாய். "குவாத்தமாலாவுல கையெழுத்துப் போட்ட நாளத்தான் சுதந்திர நாள்னு கொண்டாடறோம். சேதி கோவேறு கழுத மேல ஏறி இங்க வந்து சேர ஒரு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் நம்மாளுங்க விடுதலை கெடைச்சது தெரியாம மாடு மேச்சுட்டிருந்தாங்க. எனக்கு அதுக்கு நேர் எதிரு. சேதி போய்ச் சேந்த நாளுக்குத்தான் எனக்குக் கேக் வெட்டறாங்க."

"நான் விலகிடறேன், சுலாய்."

சுலாய் மளமளவென்று இறங்கி வந்தாள்.

"விலகினா? எனக்கா வரும்? உன் மாற்று ஆளுக்குப் போகும். ஓல்மான்! உக்காந்தாலும் தூங்குவான், நின்னாலும் தூங்குவான். பாலம் வேண்டாம்னு நெனச்சா விலகு."

"எனக்குப் பேச வராதே. அது பேசற நாற்காலி. அது உனக்கு உள்ளது."

"எனக்குக் கோவம் இல்லைன்னு நெனச்சா வந்த? கோவம்தான். சட்டத்து மேல கோவப்பட்டு என்ன பண்றது, அது வந்து ஏணியப் பிடிக்காது. உன்மேலதான் படுவேன். கொஞ்ச நாளைக்கு உன் கடைப் பக்கம் வரமாட்டேன்."

சொன்னபடியே வரவில்லை. சர்க்கரைக்குக்கூட அடுத்த ஊருக்கு ஆள் அனுப்பினாள். தீர்ப்பாயத்தின் அறிவிப்பு வந்தது. அதில் நிடியாவின் பெயர் இருந்தது, வயதில் மூத்தவர் என்ற காரணத்தோடு. அந்த வரியை அபெல் சத்தம்போட்டு இரண்டு தடவை படித்தான். அவள் மூன்றாவது தடவை படிக்க விடவில்லை.

மே முதல் தேதி பதவியேற்பு. எல்லோருடனும் சேர்ந்து வலக்கையை உயர்த்தினாள். அரசியல் சாசனத்தையும் சட்டங்களையும் காப்பதாகக் கடவுளிடமும் தாய்நாட்டிடமும் வாக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள், கூட்டத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தவறினால் கடவுளும் தாய்நாடும் உங்களிடம் கணக்குக் கேட்கட்டும் என்று முடித்தார்கள். அந்தக் கடைசி வரி பஸ்ஸில் வீடு வரை கூடவே வந்தது. கடவுளாவது தொலைவில் இருக்கிறார். தாய்நாடு என்று நினைத்தபோது அவளுக்கு ஏணியின் மேல் உட்கார்ந்திருந்த ஒருத்திதான் தெரிந்தாள்.

அடுத்த வாரம் மன்றத்தின் முதல் வேலைக் கூட்டம். சுவரில் நாட்டின் சின்னம்: மூன்று எரிமலைகள், இருபுறமும் கடல், பாய்மரக் கப்பல்கள். அதன் கீழே வாக்குள்ள உறுப்பினர்கள். ஓரத்து வரிசையில் குரல் மட்டும் உள்ளவர்கள். பின்னால் பொதுமக்களின் பெஞ்சு. கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு சுலாய் உட்கார்ந்திருந்தாள். அவள் நிடியாவைப் பார்க்க வரவில்லை. பாலத்துக்காக வந்திருந்தாள்.

"ஹிகெரோன் வட்டாரம்," என்றார் மன்றத் தலைவர் டான் எவெலியோ. "ஏதாவது பேசணுமா?"

நிடியா எழுந்தாள். மைக்கின் தலை அவள் கழுத்துக்குக் கீழே இருந்தது. யாரோ அதை நிமிர்த்திக் கொடுத்தார்கள்.

"அவைக்குறிப்புல ஒண்ணு எழுதிக்கணும்," என்றாள். "வாக்கு சமமா வந்ததால, மூத்தவங்கற கணக்குல நான் இங்க இருக்கேன். நான் மூத்தவ இல்ல. சுலாய்தான் எனக்கு முன்னாடி பொறந்தவ."

பேனாக்கள் நின்றன. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, தீர்ப்பாயம் அறிவிச்சாச்சு. அதுல இந்த மன்றம் கை வைக்க முடியாது."

"கை வைக்க வேண்டாம். நான் சொன்னதா எழுதினா போதும்."

செயலாளர் தலைவரைப் பார்த்தாள். தலைவர் மன்ற வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் தோளைக் குலுக்கினார். பேச அவளுக்கு உரிமை இருக்கிறது. பேசியதை எழுதத்தான் வேண்டும். தட்டச்சு ஓசை கேட்டது.

கடைசி பெஞ்சில் சுலாய் எழுந்து நின்றுவிட்டாள்.

"அடி லூசு! கெடைச்ச நேரத்த என் வயசுக்காடி செலவு பண்ற? பாலத்தச் சொல்லு, பாலத்த! அக்டோபர்லேருந்து பிள்ளைங்க—"

தலைவர் மணியை அடித்தார்.

"பார்வையாளர்கள் பேசக் கூடாது. உக்காருங்க, டோன்யா."

"ஒரே ஒரு வார்த்த, டான் எவெலியோ—"

"உக்காருங்க."

சுலாயின் வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. சுலாய் பேச முடியாமல் நிற்பதை நிடியா இந்த அறுபது வருடத்தில் பார்த்ததில்லை. அவள் மெல்ல உட்காரும்வரை நிடியா காத்திருந்தாள். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாலம்," என்றாள். குரல் கம்மியது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள்.