கண்ணையன் படகில் வந்த சேதி

2007 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. புதுச்சேரி வைத்திக்குப்பத்திலிருந்து முந்தைய நாள் கடலுக்குப் போன பலராமனின் ஃபைபர் படகு, விடிந்த பிறகும் கரை திரும்பவில்லை.

அவன் மனைவி அஞ்சலாட்சி அன்று மீன்கூடையைத் தொடவில்லை. நேராக மீன் ஏலக்கொட்டகைக்கு வந்து நின்றாள். படகில் அவள் புருஷனும் கொழுந்தன் அம்மாவாசையும் இருந்தார்கள். கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே செல்போன் வேலை செய்யாது. விசாரிக்க வேறு வழியில்லை.

கொட்டகை மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்யும் பூர்ணிமா அதன் முன் உட்கார்ந்திருந்தாள். மார்கழியில் அவள்தான் சில படகுகளில் சாப்பாட்டு டப்பா அளவில் ரேடியோ பெட்டி பொருத்தியிருந்தாள். படகு இருக்கும் இடத்தைப் பெட்டி குறித்துக்கொண்டே வரும். கரை எட்டாத தூரத்தில் பெட்டி வைத்த இன்னொரு படகு பக்கத்தில் வந்தால் அதனிடம் சேதியை ஒப்படைத்துவிடும். வாங்கிய படகு கரைக்கு வரும்போது சேதியும் கரைக்கு வரும்.

முதலில் குப்பத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மீன் படுகிற இடத்தைக் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்லாத ஆட்கள் அவர்கள். "எங்க எடத்த ஊருக்கே படம் போட்டுக் காட்டப் போறியா பாப்பா?" என்று கேட்டார்கள். அதனால் பூர்ணிமா ஒவ்வொரு படகின் சேதியையும் அந்தந்த வீட்டுக்கு மட்டும் தெரிந்த எண்ணைக் கொண்டு பூட்டினாள். சுமந்து வருகிறவனால் அதைத் திறக்க முடியாது. அவளாலும் முடியாது.

பெட்டி வைத்திருந்த கண்ணையன் படகு மணலில் ஏறியபோது கம்ப்யூட்டர் கீச்சென்றது. பூர்ணிமா திரையைப் பார்த்தாள். பிறகு அஞ்சலாட்சியைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்டு சேதி வந்திருக்கு. கண்ணையன் அண்ணன் பெட்டிதான் கொண்டாந்திருக்கு."

ஈர வேட்டியோடு உள்ளே வந்த கண்ணையன் அப்படியே நின்றான். அவன் பலராமனுக்குப் பங்காளி. வலை போடும் ஓர் இடத்துக்காக வாய்ச்சண்டை போட்டு, ஒரு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

"நானா? நான் அவனப் பாக்கவே இல்லியே."

"ஒங்க பெட்டி பாத்திருக்குண்ணே."

"நான் தூக்கியாந்த சொம எனக்கே தெரியலியா?" அவன் திரும்பித் தன் படகைப் பார்த்தான், அதில் வேறு யாரோ உட்கார்ந்து வந்ததைப் போல.

"தொற பூர்ணிமா, தொற" என்றாள் அஞ்சலாட்சி.

"தொறக்க முடியாதுக்கா. துண்டு துண்டாத்தான் வரும். எல்லாம் சேந்தாத்தான் தொறக்கும். பாதிதான் வந்திருக்கு. நடுவுல அறுந்துபோச்சு."

கண்ணையன் தலையைச் சொறிந்தான். "மீன் படுற எடம் நெருங்கினதும் நான் சுவிட்ச அணச்சிருவேன் பாப்பா. எவனாவது மோப்பம் புடிச்சிட்டான்னா?"

"பூட்டுப் போட்டிருக்குன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"பூட்டு போட்டா மட்டும் நம்பிருவாங்களா?" என்று கூடியிருந்தவர்களில் ஒருத்தி நொடித்தாள். "இவுரு பொண்டாட்டிகிட்டயே எடத்தச் சொல்ல மாட்டாரு."

அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "மீதி கடல்லயே போயிடுச்சா?"

"போவாதுக்கா. 'கெடச்சுது'ன்னு பதில் வர்ற வரைக்கும் பலராமன் அண்ணன் பெட்டி எந்தத் துண்டையும் விடாது. அடுத்த படகு வந்தா அதுகிட்ட நீட்டும். கோவிந்தசாமி அண்ணன் படகுலயும் பெட்டி இருக்கு, அவரு இன்னும் வரல. அதப் பாப்போம்."

அஞ்சலாட்சி வாசலுக்கு வந்து கடலைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த கடல்தான். ஆனால் அங்கே எங்கோ ஒரு சின்னப் பெட்டி, கேட்க ஆளில்லாத வெளியில், விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒருவன் பாதியில் காதைப் பொத்திக்கொண்டால் அடுத்தவன் வரும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து சொல்கிறது.

கோவிந்தசாமியின் படகு அலைக்கு வெளியே தெரிந்தது. அது கரையைத் தொடுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் மறுபடி கீச்சென்றது.

"வந்துடுச்சு. எல்லாத் துண்டும் வந்துடுச்சு!" பூர்ணிமா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நூறு முறை பார்த்ததுதான். உயிருள்ள ஆளுக்காக இப்போதுதான் பார்க்கிறாள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "இது பலராமனோடதுதான்னு எப்படிம்மா நம்புறது? எவனாவது வெளையாட்டுக்கு விட்டிருந்தா?"

"ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முத்திர இருக்கு தாத்தா. ஒண்ணோடத இன்னொண்ணு போட முடியாது. வழியில ஒரு எழுத்து மாறியிருந்தாலும் காட்டிக் குடுத்துரும்."

இனி எண் மட்டும்தான் வேண்டும். அஞ்சலாட்சி விசைப்பலகை அருகே போனாள். விரல் நின்றது. நாலு பேர் முன்னால் இதை அழுத்தவே கூடாது என்று பலராமன் சத்தியம் வாங்கியிருந்தான். அவள் கண்ணையனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, அந்தாண்ட திரும்பு."

"நான் கண்ணயே மூடிக்கிறேன், அஞ்சல. நீ அடி." அவன் நிஜமாகவே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். மற்றவர்களும் திரும்பினார்கள்.

அவள் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். திரையில் கடல் விரிந்தது. அதில் மூன்று புள்ளிகள், மணலில் பதிந்த காலடிபோல ஒன்றன்பின் ஒன்றாக. கீழே, பலராமன் பெட்டியின் பொத்தானை அழுத்தி அனுப்பிய வரி: இன்ஜின் பழுது.

"மூணும் ஒரே கோட்டுல போகுது" என்றாள் பூர்ணிமா. "நீரோட்டம் வடக்க இழுக்குது. இந்நேரம் இங்க இருக்கணும்." அவள் வெறும் கடலில் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"மாமா, திரும்பிப் பாரு" என்றாள் அஞ்சலாட்சி. "எடம் இதான். நல்லாப் பாத்துக்கோ."

கண்ணையன் பார்த்தான். "ராத்திரி இருட்டுல எனக்குக் கூப்பிடு தூரத்துல கெடந்திருக்கானுவ" என்றான். பிறகு டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கோவிந்தசாமி மீனை இறக்காமலேயே படகைத் திருப்பினான்.

பூர்ணிமா காட்டிய இடத்துக்குச் சற்று வடக்கே, பிற்பகலில் அந்தப் படகைக் கண்டார்கள். இருவரும் உயிரோடு இருந்தார்கள். அம்மாவாசைக்குக் கையில் காயம். கயிறு கட்டி இழுத்துவந்து பொழுது சாயும் முன் கரையேற்றினார்கள். கடலில் விட்டிருந்த வலை மட்டும் கிடைக்கவில்லை.