ஏற்றத்தில் பேச ஒரு மோட்டார்

பல்லுக்காரர் தன் சைக்கிளுக்கு மோட்டார் வாங்க ஆசைப்பட்டது வேகத்துக்காக இல்லை. அவருக்கும் வேகத்துக்கும் ஏழாம் பொருத்தம். மனைவியிடம் இரண்டே வார்த்தை சொல்ல வேண்டும், அதற்கு மூச்சு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சிரிக்காமல் கேளுங்கள். அவர் பல்செட் செய்கிறவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் செய்து கொடுத்த பல்லை மாட்டிக்கொண்டுதான் வம்பளக்கிறார்கள். அவருக்கு மட்டும் வாயைத் திறப்பதென்றால் வேப்பங்காய். அவருடைய வீட்டு அம்மணியோ நேர் எதிர். இவர் பல்செட் செய்கிற லேபுக்கு எதிரே உள்ள ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். அத்தனை இயந்திரங்களும் ஒரே நேரத்தில் சுற்றினாலும் அம்மணியின் குரல் தனியாகக் கேட்கும்.

இரண்டு பேரும் தினமும் காலையில் சைக்கிளில் சேர்ந்துதான் போவார்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் பேசிய முக்கியமான பேச்செல்லாம் சைக்கிளில் பேசியதுதான். முகத்துக்கு முகம் பார்த்தால் இவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனால் பேச்சு தானாக வரும். மகனுடைய படிப்பு, வீடு மாற்றியது, எல்லாமே அப்படி முடிவானதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாதையில் பாலம் கட்டினார்கள், வந்தது வினை. பாலத்துக்கு முந்தைய கடைத்தெருவில் நெரிசல், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பாலத்தில் சைக்கிளுக்கென்று அகலமாகத் தனிப் பாதை உண்டு, ஆனால் அது முதுகை ஒடிக்கும் ஏற்றம். ஏறி இறங்கினால் ஆஸ்பத்திரி வாசல். ஆக, பேசக் கிடைத்த இடம் அந்த ஏற்றம் ஒன்றுதான். ஒல்லியான அம்மணி அதில் சாவகாசமாகக் கதை பேசிக்கொண்டே மிதிப்பார். நம்மவர் தொந்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டு 'புஸ், புஸ்' என்று வருவார்.

"ஹாலுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சிடலாமா?"

"புஸ்."

"ஒண்ணும் சொல்லலையே, அப்ப சரின்னு வெச்சுக்கறேன்."

இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. பச்சை பெயின்டை அவர் பொறுத்துக்கொண்டார். தன் பீரோவை மச்சானுக்கு அம்மணி தூக்கிக் கொடுத்ததையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் மூன்று வாரமாக அம்மணி கேட்டுக்கொண்டிருந்ததை அப்படிப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"எங்க ஆஸ்பத்திரி வேற ஊர்ல திறக்கிற கிளைல சலவைக்கு முழுப் பொறுப்பா என்னைக் கூப்பிடறாங்க. எட்டு மணி நேரப் பயணம். நீங்க உங்க லேபை விட்டுட்டு எங்க வரப்போறீங்க? நான் மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போறேன். போகட்டுமா?"

"புஸ்."

"ஒண்ணும் சொல்லலையே."

'நானும் வர்றேன்' என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு. வீட்டில் வாய் இல்லையா என்று கேட்பீர்கள். முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, "நானும்..." என்று துணிந்து ஆரம்பித்தார். அம்மணி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் கரைந்துபோய், "நானும் இன்னொரு கரண்டி போட்டுக்கறேன்" என்று முடித்தார். தொந்தி வளர்ந்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அம்மணி ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் நம்மவர் சைக்கிள் மோட்டார் விற்கிற கடைப் படியேறினார். கடைக்காரர் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் உள் அளவை எடுத்து வரச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்திருப்பார்கள். நம்மவர் முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் இரு காலிலும் பல் அச்செடுக்கிற பசையை அப்பி, பிளாஸ்டர் ஊற்றி, காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, துணியில் சுற்றி எடுத்துப் போய் மேஜையில் வைத்தார்.

கடைக்காரர் துணியைப் பிரித்தார். "அண்ணே, அளவு கேட்டா சிலை வடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க?"

"ஒரு இம்மிகூடப் பிசகாது."

"பிசகாது, பிசகாது. பார்த்தாலே தெரியுது. சரி, எவ்வளவு வேகம் வேணும்?"

"பேசிக்கிட்டே போற வேகம்."

"எவ்வளவு தூரம் போகணும்?"

"பாலத்து உச்சி வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மோட்டார் தேவைப்படாது."

கடைக்காரர் பிளாஸ்டர் ஃபோர்க்கை ஒரு தரமும் அவரை ஒரு தரமும் பார்த்தார். மோட்டார் வைத்த சக்கரத்தை முன்னால் பூட்டி, பேட்டரிப் பெட்டியைக் கேரியரில் இறுக்கி, கைப்பிடியில் ஆக்சிலேட்டரை மாட்டிக் கொடுத்தார். "பட்டுனு திருகிடாதீங்கண்ணே, பூ மாதிரி திருகணும்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் இவர் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை அம்மணி சைக்கிளைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். "என்னங்க இது, சக்கரத்துக்கும் தொந்தி போட்டிருக்கு?"

"மோட்டார்."

"ஓஹோ! ஐயா இனிமே மிதிக்க மாட்டீங்களாக்கும்?" கடைத்தெரு முழுக்க அம்மணி சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

பாலம் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்தார்கள். அம்மணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப இன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். நம்மவருக்குப் பதற்றத்தில் பூவும் மறந்தது, பிஞ்சும் மறந்தது. முழுசாகத் திருகிவிட்டார். சைக்கிள் துள்ளிக்கொண்டு கிளம்பியது. என்ன ஏது என்று தெரிவதற்குள் பாலத்து உச்சியில் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. கேட்க வேண்டிய ஆள்தான் பாதி ஏற்றத்தில் விரல் கனத்துக்குத் தெரிந்தார்.

அட கஷ்டகாலமே!

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கீழே போனார். எதிரே வந்த அம்மணி, "என்ன, எதையாவது விட்டுட்டீங்களா?" என்றார். பதில் சொல்லாமல் அவரைத் தாண்டிப் போய் மறுபடி திரும்பி, பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். இந்தத் தடவை ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினார். இரண்டு சைக்கிளும் ஒரே வேகத்தில் ஏறின. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானும் வர்றேன்."

அம்மணியின் பெடல் இரண்டு சுற்றுச் சுற்றியது.

"எல்லா ஊர்லயும் பல்லு விழத்தான் செய்யுது. லேபை அங்க வெச்சுக்கறேன். நீ இல்லாத வீட்ல என்னால இருக்க முடியாது."

இரண்டு வார்த்தை சொல்ல வந்தவர் இவ்வளவு சொல்லிவிட்டார். அம்மணி பிரேக் பிடித்து, நடு ஏற்றத்தில் காலை ஊன்றி நின்றுவிட்டார். இவரும் நின்றார். அம்மணி பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, இவருடைய பேட்டரிப் பெட்டி மேல் விரித்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. 'தங்குமிடம்: தனியாகவா, குடும்பத்துடனா' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மடித்து மடித்துப் பிரித்ததில் தாள் கிழிகிற நிலையில் இருந்தது.

"மூணு வாரமா இதை வெச்சுக்கிட்டு அல்லாடிட்டு இருக்கேன்" என்றார் அம்மணி.

"வீட்ல வெச்சுக் கேட்டிருக்கலாமே?"

"வீட்ல கேட்டா, சரி போயிட்டு வான்னு நீங்க பட்டுனு சொல்லிட்டீங்கன்னா நான் என்ன பண்றது? அதான் உங்களால வாயத் திறக்க முடியாத இடமா பார்த்துக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

பல்லுக்காரர் ரோட்டைப் பார்க்கவில்லை. அம்மணியின் முகத்தைப் பார்த்தபடி, "பேனா இருக்கா?" என்றார்.