யாருக்கும் சொல்லக் கூடாத விலாசம்

மூணு நாள் பயிற்சின்னு என்னை விழுப்புரம் அனுப்பினாங்க. உயிருக்கு ஆபத்துன்னு ஓடி வர்றவங்களப் போலீஸ்காரங்க எப்படிக் காப்பாத்தணும்ங்கிறதுதான் பாடம். திரும்பி வந்ததும், ஸ்டேஷன்ல எல்லாருக்கும் நீயே சொல்லிக் குடுத்துடு அமலான்னுட்டாரு இன்ஸ்பெக்டர். இருபத்திரெண்டு வருஷ சர்வீசு, இன்னும் ஏட்டாத்தான் இருக்கேன், முட்டி வலி வேற. இந்த மனுஷனுக்கு வேற ஆளே கெடைக்கலையான்னு இருந்திச்சு.

திண்டிவனம் பக்கம் எங்க ஸ்டேஷன். கிளாசுக்கு ஆறு பேர் வந்தாங்க. அதுல ரெண்டு பேர் பந்தோபஸ்து முடிச்சுட்டு வந்து தூங்கிக்கினு இருந்தாங்க. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். வீட்டை மீறிக் கல்யாணம் பண்ணிக்கினு உயிர் பயத்துல வர்றவங்க எங்க இருக்காங்கன்னு ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. எங்க பழக்கம் வேற. பொண்ணக் காணோம்னு அப்பன் மனு குடுத்திருப்பான். பொண்ணு வந்து நின்னதும் ரைட்டர் போனப் போட்டு, கெடைச்சிட்டா, இங்கதான் இருக்கா, வாங்கன்னு சொல்லி மனுவ முடிச்சிடுவாரு. அரை மணி நேரத்துல வேன் நிறைய ஆளுங்க வந்து இறங்கிடுவாங்க. அப்படிப் போன ஒரு பொண்ண அப்புறம் நான் பிணவறையிலதான் பார்த்தேன். அதச் சொன்னப்போ தூங்கினவனும் முழிச்சிக்கினான்.

ரைட்டர் நடராசன் மட்டும் கையத் தூக்கினாரு. பெத்த மனசு அடிச்சிக்கும் இல்ல, உயிரோட இருக்கான்னாவது சொல்ல வேணாமான்னாரு. எனக்கு எரிச்சலா வந்திச்சு. உயிரோட இருக்கான்னு சொல்லுங்க, எங்கன்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க, இதுகூடவா புரியலண்ணேன்னு கத்திட்டேன்.

அடுத்த வாரமே வெண்ணிலா வந்தா. மயிலம் பக்கத்துப் பொண்ணு, காலேஜ் முடிச்சவ. கூட தென்னரசு, அதே ஊர்க் காலனிப் பையன். தாலி கட்டிக்கினு நேரா எங்ககிட்ட வந்துட்டாங்க. பொண்ணோட அப்பா பாண்டுரங்கன் ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுடறேன்னு நடுத்தெருவுல நின்னு சொல்லியிருக்காரு. அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சிக்கினு விடவே இல்ல. நானே மஃப்டியில, தனி வண்டி வச்சு, அவங்கள விழுப்புரம் கூட்டிக்கினு போனேன். இப்படி வர்றவங்களத் தங்க வைக்கிறதுக்குன்னே அங்க ஒரு வீடு இருக்கு, உள்ள ஒரு கான்ஸ்டபிள் காவல். போற வழியிலேயே மேடம் போயி அக்கா ஆயிடுச்சு. பரவாயில்லடி அமலான்னு என்னை நானே மெச்சிக்கினேன்.

நாலாம் நாள் பொண்ணோட அம்மா அம்சா ஸ்டேஷனுக்கு வந்தாங்க. மல்லாட்டை வெதைச்ச கொல்லை மண்ணு கால்ல அப்படியே இருக்கு. அழல, சண்டை போடல, பொண்ணு எங்கன்னுகூட கேக்கல. முந்தானையிலேர்ந்து ஒரு பம்ப எடுத்து நீட்டினாங்க. வெண்ணிலாவுக்குச் சின்ன வயசுலேர்ந்து வீசிங்காம், மூச்சு இழுத்தா வாயில வச்சு அடிச்சிக்கிற பம்பு அது. விட்டுட்டுப் போயிட்டா மேடம், பனியில தாங்க மாட்டா, எப்படியாவது சேர்த்துடுங்கன்னாங்க. என் பையனுக்கும் வீசிங் உண்டு. அந்த இழுப்பக் கேட்டுக்கினு விடிய விடிய உக்காந்தவ நான். எனக்கு மனசு எளகிடுச்சு.

"குடுங்கம்மா. நாளைக்குக் காலையில கோர்ட்டு டூட்டிக்கு விழுப்புரம் போறேன். அப்படியே அவ கையில குடுத்துர்றேன்."

சொல்லும்போது எனக்கு ஒண்ணும் உறைக்கல. பக்கத்துல உக்காந்து எழுதிக்கினு இருந்த நடராசனுக்கும் உறைக்கல. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க. வீட்டுக்குப் போயி, நாளைக்குப் பம்பு அவ கைக்குப் போயிடும், விழுப்புரத்துலதான் இருக்காளாம்னு புருஷன்கிட்ட ஆறுதலாத்தான் சொன்னாங்களாம். பின்னால தெரிஞ்சுது.

காலையில பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டு வரைக்கும் நல்லாத் தூங்கிட்டேன். விழுப்புரத்துல இறங்கி ஆட்டோ புடிச்சு அந்த வீட்டாண்ட போயி, கேட்டுல கை வச்சப்போதான் பின்னால கார் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. பாண்டுரங்கன், கூட மூணு ஆளுங்க. அந்த மனுஷன் கிண்டல் பண்ணல, மரியாதையாத்தான் கும்பிட்டாரு.

"ரொம்ப நன்றி மேடம். நாலு நாளாத் தேடறோம். உங்க பஸ்ஸு பின்னாலயே வந்தோம், நீங்கதான் வழி காட்டினீங்க."

கேட்டுல சாஞ்சு ரெண்டு கையையும் விரிச்சு நின்னுக்கினு, உள்ள பூட்டுய்யான்னு கான்ஸ்டபிளுக்குக் குரல் குடுத்தேன். ஒருத்தன் தோளப் புடிச்சுத் தள்ளினான். நான் நகரல. ரோந்து வண்டி வந்து சேர பத்து நிமிஷம் ஆச்சு. கார் சீட்டுக்கு அடியில மூணு கத்தி இருந்திச்சு. நாலு பேரையும் ஏத்திக்கினு போயிட்டாங்க. ஆனா வீடு தெரிஞ்சு போச்சு, சொந்தக்காரங்க இன்னும் எத்தினி பேரு இருக்காங்களோ. பொண்ணையும் பையனையும் உடனே வேற இடத்துக்கு மாத்தணும்னு உத்தரவு வந்துது.

உள்ள போனேன். வெண்ணிலா பையக் கட்டி வச்சுட்டுச் சுவரோரமா உக்காந்திருந்தா. பம்பக் குடுத்தேன். வாங்கி ரெண்டு தரம் அடிச்சிக்கினு, எங்க அம்மாகிட்ட நீங்க சொன்னீங்களாக்கான்னு கேட்டா. பொய் சொல்ல வாய் வரல. விழுப்புரம்னு சொல்லிட்டேம்மா, தப்பு என்னுதுதான்னேன். அவ பம்பப் பையில வச்சுக்கினா.

வேன் வந்துது. பொண்ணு உங்ககிட்ட நல்லாப் பழகினவதானே, நீங்களும் கூடப் போயி விட்டுட்டு வாங்கன்னாரு வேன்ல வந்த எஸ்.ஐ. அவங்க ரெண்டு பேரும் ஏறி உக்காந்ததும் நானும் படியில கால வச்சேன்.

"நீங்க வேணாம்க்கா. நாங்க எங்க போறோம்னு உங்களுக்குத் தெரிய வேணாம்."

கோவமாச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. நான் கால எடுத்துக் கீழ வச்சேன். அவ சொன்னதுதான் சரி. வேன் கெளம்பிச்சு. அது எந்தப் பக்கம் திரும்புதுன்னு கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு, ரோட்டுக்கு முதுகக் காட்டி நின்னுக்கினேன்.