ரெண்டு கிலோ கழிக்கும் லைப்ரரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. 2009இல் றக்வானையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த பெண் போனில் கேட்டாள்: "புள்ளய சாக்கோடயா நிறுத்தீங்க?" அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது. மிச்சத்தை அவளிடமே கேட்க எனக்குக் கூச்சம். அதனால் எழுத வேண்டியதாயிற்று.

2

முதல் ஆரம்பம்: மலை முகட்டில் பனி மெல்ல இறங்கிய ஒரு மாலைப் பொழுதில் ஸ்டெபானி...

வேண்டாம். தேயிலைத் தோட்டம் என்றாலே பனியை இறக்கிவிடுவது எங்களைப் போன்றவர்களின் கெட்ட பழக்கம்.

இரண்டாவது ஆரம்பம்: ஸ்டெபானிக்கு றக்வானை டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் வேலை. போட்டோ கொப்பி எடுக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கடைக் கம்பியூட்டரில் ஜாவாஸ்கிரிப்ட். மற்றவர்கள் அதை வைத்து இணையப் பக்கத்தில் பட்டனை மின்ன வைத்துக்கொண்டிருக்க, அதையே சேர்வரிலும் ஓட்டலாம் என்று உலகத்தில் ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. அந்தக் கூட்டத்தில் இவளும் ஒருத்தி. ஒருவர் எழுதிய புரோகிராம் துண்டை ஊரே எடுத்துப் பாவிக்கலாம். அதற்குப் பெயர் லைப்ரரி. [இதற்கு மேல் கேட்காதீர்கள், என் மருமகன் எனக்குச் சொன்னதே இவ்வளவுதான்.]

அவள் எழுதியது நிறை பார்க்கும் லைப்ரரி. தராசு சொல்லும் எண்ணை வாங்கிப் பதிந்துகொள்ளும். அவள் அம்மா மெட்டில்டா கொழுந்து பறிக்கும் தோட்டத்திலேயே அதை முதலில் போட்டார்கள். ஆபீசில் சேர்வர், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு திரை. ஒழுங்காக ஓடினால் ஆபீசிலேயே நிரந்தர வேலை என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். ஸ்டெபானி சந்தோஷத்தில் லைப்ரரியை இணையத்திலும் போட்டுவிட்டாள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

3

எடுத்துக்கொண்டவர் கொழும்பு அஸீஸ். பிள்ளைகளை நிறுக்கும் ஒரு கிளினிக்குக்கு புரோகிராம் எழுதுகிறவர். அவரிடமிருந்துதான் அந்தப் போன்.

"தங்கச்சி, ஒங்கட லைப்ரரில பெரிய பிழ ஒண்டு ஈக்கி. மூணு கிலோ புள்ளய ஒரு கிலோண்டு காட்டுது. உம்மாமார் அழுறாங்க!"

ஸ்டெபானி யோசித்தாள். "புள்ளய சாக்கோடயா நிறுத்தீங்க?"

"சாக்கா? கிளினிக்லயா?"

"இல்லைங்க, சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிக்கணும்ல. அது தானா கழிச்சிக்கும்."

"யாரு கழிக்கச் சொன்ன?"

யாருமே சொல்லவில்லை.

4

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் கட்டுரை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் கழித்த நிறைதான். மழையென்றால் ஈரக் கொழுந்துக்குக் கழிவு, வெயிலென்றாலும் அதே கழிவு; கழிந்த கிலோவுக்குக் கூலி இல்லை. கழிப்பதும் நிறுப்பதில் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். துரையே மறந்தாலும் அவள் விரல்கள் அதை எழுதியிருக்கும். எனக்கு இதில் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

அன்று லயத்து வீட்டில் அம்மாவிடம் சொன்னாள்.

"கழிக்காம நிறுப்பாங்களா?" மெட்டில்டா நம்பவில்லை. "எங்கயாச்சும் அப்பிடி உண்டா?"

"ஒலகம் பூரா அப்பிடித்தாம்மா."

"அடி ஆத்தி!" என்றவள், அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "ஒன் வேலைக்கு ஒண்ணும் வந்துறாதுல்ல?" என்று கேட்டாள்.

(மடுவத்தில் நிறுக்கும் கணக்கப்பிள்ளை நல்லையாவை முதல் பிரதியில் வில்லனாக்கி, பெரிய மீசையும் வைத்தேன். ஒட்டவில்லை. பகிடி பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டே தராசைப் பார்க்கிற மனிதர். மீசையை எடுத்துவிட்டேன்.)

5

முடிவு அ: ஸ்டெபானி கழிவை எடுக்கிறாள், தோட்டமே அவளைத் தோளில் தூக்கி... இல்லை, தூக்காது. துரைக்குக் கோபம் வரும், வேலை போகும்.

முடிவு ஆ: லைப்ரரியை இரண்டாக்குகிறாள். இணையத்தில் கழிக்காதது, தோட்டத்தில் கழிப்பது. அஸீசுக்கும் நிம்மதி, துரைக்கும் நிம்மதி, வேலையும் நிச்சயம். எனக்கும் சுகமாக இருந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டெபானி ஒத்துக்கொள்ளவில்லை.

"கொழும்புப் புள்ளைக்கு ஒரு லைப்ரரி, எங்கம்மாவுக்கு ஒரு லைப்ரரியா? நீங்களே எழுதிக்கங்க."

என் பாத்திரம் என்னையே திட்டியது. உள்ளதைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது.

6

அவள் செய்தது இதுதான். லைப்ரரி இனி தானாக எதையும் கழிக்காது. கழிக்க விரும்புகிறவர் எண்ணையும் காரணத்தையும் கையால் அடிக்க வேண்டும். அது அடுத்த நிறுவைக்குள் மடுவத்துக்கும் வந்துவிட்டது.

ஒரு வாரமாக மழையே இல்லாத பின்னேரம். மெட்டில்டாவின் கொழுந்து தராசில் ஏறியது. திரையில் பதினெட்டு கிலோ. கீழே இரண்டு வெற்றுக் கட்டங்கள்: எவ்வளவு கழிக்க? ஏன்?

வரிசையிலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆபீஸ் வாசலில் துரை நின்றார். ஸ்டெபானி திரைக்குப் பக்கத்தில். நல்லையாவின் விரல் கீபோர்டுக்கு மேலே அப்படியே நின்றது. பகிடி ஒன்றும் வரவில்லை அவருக்கு. திரும்பி மெட்டில்டாவைப் பார்த்தார்.

"எவ்வளவு போட, மெட்டில்டா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் பதிலை என்னால் எழுத முடியும். மூன்று விதமாக எழுதியும் பார்த்துக் கிழித்துவிட்டேன். கேட்டது என்னிடமல்ல. வரிசையில் அவளுக்கு அடுத்ததாக நீங்கள் நிற்கிறீர்கள், உங்கள் சாக்கும் நிறைந்திருக்கிறது. அவள் வாய் திறக்கிறாள். கேட்டுவிட்டு நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், அடுத்து நல்லையா கேட்கப்போவது உங்களைத்தான்.