அனுப்பியவர் உறுதி செய்யவும்

ஆறு மணிக்கு எழுந்தான். சமையலறைக் குழாயின் அடியில் வைத்திருந்த கிண்ணத்தைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தான். குளித்தான். சார்ஜில் கிடந்த இரண்டு போன்களைக் கழற்றினான். ஒன்று அவனுடையது. இன்னொன்று பழைய பட்டன் போன். அதில் மனைவியின் சிம். அவள் பயணம் செய்த பஸ் கவிழ்ந்து முப்பது நாளாகிறது. அவள் போன் நொறுங்கியது, மெயிலின் கடவுச்சொல் அவளோடு போயிற்று, சிம் மட்டும் கெட்டியாகப் பிழைத்துக்கொண்டது. இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

வேலை இதுதான்: நல்ல மெயிலை ஸ்பாம் என்று வடிகட்டி தடுத்துவிட்டதாக வரும் புகார்களைப் பார்ப்பது. வடிகட்டி தப்பே செய்யாது என்பது அந்தப் பிரிவின் கொள்கை. தப்பெல்லாம் மெயில் எழுதத் தெரியாதவர்களுடையது.

அவள் அனுப்பிய மெயிலைத் தேடி ஒரு மாதமாகத் தன் இன்பாக்ஸையே குடைந்துகொண்டிருந்தவனுக்கு, ஸ்பாம் பட்டியலைத் திறக்க நேற்றுதான் தோன்றியது. தொழில் தெரிந்தவன் அல்லவா. லாட்டரிப் பரிசுக்கும் முடி வளர்க்கும் எண்ணெய்க்கும் நடுவே மனைவி இருந்தாள். தலைப்பில்லை, ஒரு வரி இல்லை, வெறும் படம். அப்படி வருவதைத் தடுக்கும் விதியை எழுதியவன் இவனே. மேலாளர் கைகூடத் தட்டினார். தடுத்ததைத் திறக்க முடியாது. முப்பதாம் நாள் பகல் பன்னிரண்டுக்குத் தானே அழியும். அதுவும் இவன் கைவண்ணம்தான்.

தன் புகாரைத் தானே பார்க்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரனிடம் கொடுத்தான். எதற்கும் அத்தாட்சி கேட்பதால் அவனுக்கு முத்திரை என்று பெயர்.

"அனுப்பினவங்க உறுதி பண்ணணுமேண்ணா. பதிவுல இருக்கிற நம்பருக்கு எஸ்எம்எஸ் போகும்."

"தெரியும். நான் எழுதின விதிதான்."

"யாரு அனுப்பினது?"

"வீட்ல."

முத்திரையின் விரல் அந்தரத்தில் நின்றது. "அண்ணா... வேணும்னா நான் கண்டுக்காம..."

"நீயா? உலகம் தாங்காதுப்பா. எஸ்எம்எஸ்ஸைத் தட்டிவிடு."

சட்டைப்பை அதிர்ந்தது. 'இந்த மெயிலை அனுப்பியது நீங்கள்தானா? ஆம் எனில் 1' என்று பணிவாகக் கேட்டிருந்தது வடிகட்டி. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. ஒன்றை அழுத்தினான். ஆறு வருஷ சர்வீஸில் அவன் செய்த முதல் மோசடி.

'நன்றி. இனி உங்கள் மெயில்கள் தடையின்றிப் போய்ச் சேரும்.'

படம் திறந்தது. சமையலறைக் குழாய். சொட்டு விழுகிற நேரம் பார்த்துப் பொறுமையாக எடுத்திருந்தாள்.

முத்திரை எட்டிப் பார்த்தான். புகாரை 'தீர்ந்தது' என்று மூடினான்.

அவள் கிளம்பிய அன்று காலை பஸ்ஸிலிருந்து போன் செய்து, "மெயில் பாத்தீங்களா?" என்றாள். "பாத்தேன், பாத்தேன்" என்றான், பார்க்காமலே. அடுத்த கால் மணி நேரத்தில் பஸ் கவிழ்ந்தது.

துக்கம் கேட்க வந்த எல்லோருக்கும் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று தெரிந்தாக வேண்டும். "உங்களப் பத்திதான் மாப்பிள்ளை பேசியிருப்பா" என்று மாமியார் அழுதார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தான். அதில் பொய்யொன்றும் இல்லை. போனை வைக்குமுன் அவள் சொன்னது:

"பாத்துட்டீங்கல்ல? கிண்ணம் வச்சா ரிப்பேர் பண்ணதா ஆகாது. நான் வர்றதுக்குள்ள வாஷரை மாத்தி வைங்க."