இறங்கக் கூடாதவர்

தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால், மாப்பிள்ளை வழக்கம்போல முதுகு வாரில் மாட்டிய கயிற்றுக் கொக்கியைக் கழற்றி ஏணிக்கம்பியில் மாட்டப் போனான். கயிறு உள்ளே கூழைக் கலக்கும் தண்டில் சுற்றிக்கொள்கிறது, வேலை ஓட மாட்டேன் என்கிறது என்பது அவனுடைய பழைய புகார்.

"இன்னைக்கு வேணாம் மாப்ளே. வங்கிக்காரங்க வர்றாங்க," என்றார் ஃபிட்டர்.

"வரட்டும். வந்து ஆளுக்கு ஒரு வாளி சகதி அள்ளிட்டுப் போகட்டும்." சொல்லிக்கொண்டே கொக்கியைத் திரும்ப முதுகில் மாட்டிக்கொண்டான். மாட்டியது பாதுகாப்புக்கு அல்ல, பார்ப்பவர்களுக்கு.

அது பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்யும் ஆலை. புது இயந்திரம் வாங்க வெளிநாட்டு வங்கி ஒன்று கடன் கொடுத்ததிலிருந்து கடனோடு கூடவே விதிகளும் வந்து இறங்கின. அவற்றை நடத்திக்காட்ட ஒரு பாதுகாப்பு அதிகாரியும் வந்தார். கண்ணாடி போட்ட, குரல் உயர்த்தாத பெண். கழிவுக்கூழ்த் தொட்டிகளைக் கழுவ ஆள் இறங்குவது ஆலை தொடங்கிய நாளிலிருந்து நடப்பதுதான். ஒருவன் இறங்குவான், மேலே இருப்பவன் பீடி பிடிப்பான். இப்போது தொட்டி வாய்க்கு மேல் இரும்பு முக்காலி, அதில் கைராட்டினம், அதிலிருந்து இறங்கும் கயிறு, இறங்குபவனுக்கு உடம்பு வார், மேலே ஒரு காவல் ஆள். காவல் ஆள் வேறு வேலை பார்க்கக் கூடாது. டீக்குப் போகக் கூடாது. என்ன ஆனாலும் உள்ளே இறங்கக் கூடாது.

முழங்கால் தேய்ந்துபோன ஃபிட்டருக்கு அந்த வேலை விழுந்தது. முப்பது வருஷம் குழாயோடு மல்லுக்கட்டியவருக்குச் சும்மா நிற்பது கூச்சமாக இருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு வார்த்தை எறிந்துவிட்டுப் போனார்கள்.

"வாட்ச்மேனுக்குக் காவல் காக்க ஒரு கேட்டாவது இருக்கு ஃபிட்டரே. உங்களுக்கு வெறும் ஓட்டை."

மணல் அடைத்த சாக்கு ஒன்றுக்கு வாரைக் கட்டி உள்ளே இறக்கி, ராட்டினத்தால் மேலே தூக்கவைத்துப் பழக்கினார் அதிகாரி. ஒன்றும் செய்யாமல் மரியாதையோடு தூக்கிக் கொண்டுவரப்பட்டதால் அந்தச் சாக்குக்கு 'சம்பந்தி' என்று பெயர் விழுந்தது. "சம்பந்தியை இடிக்காம தூக்குங்கப்பா, கோவிச்சுக்குவாரு" என்று சிரிப்பார்கள். அதிகாரியும் சிரிப்பார். சிரித்துவிட்டு இன்னொரு தடவை என்பார். ஒரு விஷயத்தை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல எல்லாரையும் சொல்லவைப்பார். சகதியைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வெளியே வா. வந்த நாற்றம் திடீரென்று நின்றுபோனால், காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதே, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். ஆலையில் காலங்காலமாக நம்பி வந்தது நேர்மாறானது. நாற்றம் போனால் விஷம் போயிற்று, தைரியமாக வேலை பார்க்கலாம்.

அன்று தொட்டி வாயில் வாயு மீட்டரைப் பிடித்துப் பார்த்தபோது முள் அசையவில்லை. உடனே மேஸ்திரி அதை வாங்கித் துடைத்து, வந்திருந்த வங்கிக்காரர்களுக்குக் காட்ட எடுத்துப் போய்விட்டார். ஆலையில் இருந்தது அந்த ஒன்றுதான். அப்போதே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். ஃபிட்டருக்கு அது தோன்றவில்லை. மாப்பிள்ளை கீழே மண்வெட்டியால் சகதியை வாரிக்கொண்டிருந்தான். உள்ளிருந்து குரல் கிணற்றுக்குள் பேசுவதுபோல வந்தது.

"நாறுது மச்சான்."

"ஏறி வா மாப்ளே."

"இந்த மூலையை முடிச்சிட்டு வந்துடறேன். உங்க தங்கச்சி சமையலை விடவா?" என்று சிரித்தான். இரண்டு வாளி நிரம்பியிருக்கும். பிறகு சொன்னான்: "இப்பப் பரவாயில்ல மச்சான். நாத்தம் நின்னுடுச்சு."

ஃபிட்டரின் கை தானாக ராட்டினத்துக்குப் போனது. யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. சம்பந்தியைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை. டக் டக் என்று பல் பல்லாகக் கயிறு இறுகியது.

"எதுக்கு இழுக்கறீங்க? ஏய்... மச்சான், விடுங்க..." என்று கேட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றின் கனம் மாறியது.

குனிந்து பார்த்தார். தலை தொங்கிக்கொண்டிருந்தது. தங்கையின் புருஷன். கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்து இவர் யாரிடம் கொடுத்தாரோ அவன். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, உடம்பு உள்ளே பாயத் தயாராகிவிட்டது. கை ராட்டினத்தில் இருந்ததால் மட்டும் பாயவில்லை. கூப்பாடு போட்டார். பக்கத்துக் கொட்டகையிலிருந்து முதலில் ஓடிவந்தது வெல்டர், மாப்பிள்ளையின் கூடப் பிறந்த அண்ணன். வந்த வேகத்திலேயே ஏணியில் காலை வைக்கப் போனார். ஃபிட்டர் சுற்றுவதை விடாமல், தொட்டி வாய்க்குக் குறுக்கே இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"நகருய்யா! உள்ள இருக்கறது என் தம்பி!"

"என் தங்கச்சி புருஷன்யா! இறங்காதே. பிடி, நீயும் சுத்து!"

வெல்டர் சுற்றவில்லை. அடித்தார். வாயில் ஓர் அடி, காதோரம் ஓர் அடி. ஃபிட்டர் தலையைத் தாழ்த்திக்கொண்டு சுற்றினார். தலைக்கவசம் தொட்டி வாய்க்கு வந்ததும் காலை மடக்கினார். வெல்டர் கைகளை உள்ளே விட்டுத் தம்பியை அப்படியே அள்ளி எடுத்தார். முகம் நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை வந்து நின்றாள். அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். "அண்ணே, நீ இறங்கலையா?"

"இல்லம்மா. இறங்கல."

அவள் போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணன் இருக்கும் பக்கம் உட்காராமல் அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டான் என்றார். யார் தூக்கியது என்று கேட்டார். வெல்டர் விரலை நீட்டினார். "உள்ளே இறங்காம தூக்கினீங்களா? நல்லவேளை. இந்த மாதிரி கேஸ்ல எனக்கு எப்பவும் ரெண்டு மூணு பேராத்தான் வருவாங்க," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து வந்து, ஃபிட்டரின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு மிச்சத்தையும் அழுதாள்.

கொஞ்சம் கழித்து வெல்டர் டீ வாங்கி வந்து நீட்டினார்.

"பல்லு ஆடுதாய்யா?"

"ரெண்டு ஆடுது. ஏற்கெனவே ஆடினதுதான்."

பாதுகாப்பு அதிகாரி வந்தபோது ஃபிட்டர் எழுந்து கைகூப்பினார். அவர் பதறி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மீட்டர் இல்லாமல் ஆள் உள்ளே இருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. கண் சிவந்திருந்தது. "எனக்கு எதுக்குங்க? அந்த விதியை நான் எழுதலையே."

"யாரு எழுதினது மேடம்?"

"தெரியலைங்க. எங்கெங்கேயோ தொட்டியில ஒருத்தர் விழுந்திருப்பாரு. தூக்கறேன்னு அண்ணன் குதிச்சிருப்பாரு, அப்புறம் கூட்டாளி. அப்படிப் போனவங்களைக் கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருப்பாங்க."

ஃபிட்டர் அன்று வீட்டுக்கு நடந்தே போனார். நன்றி சொல்ல ஒரு முகம் வேண்டியிருந்தது. பார்த்திராத ஊர்களில், பார்த்திராத தொட்டிகளுக்குள், யோசிக்காமல் குதித்தவர்களின் முகங்கள். தன்னைப் போலவே பதறியவர்கள், பாசக்காரர்கள். ராட்டினம் இல்லாதவர்கள். எதிரே வந்த ஆட்களை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பார்த்தபடி நடந்தார்.

மாப்பிள்ளை வீடு திரும்பிய மறுநாள் மதியம் போனார். மார்பில் வார் அழுத்திய தடம் பட்டையாகக் கன்றியிருந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, "மச்சான், மூக்கு இன்னும் வரலை. எல்லாம் வெறும் சூடாத்தான் இருக்கு," என்றான்.

"என் சமையலைக் குறை சொன்னீங்கள்ல? அனுபவிங்க," என்றாள் தங்கை.

அவன் மகள் விடவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். சோப்பு. பூண்டு. ஷூ பாலிஷ். அவன் கண்ணை மூடி மோந்து பார்த்துத் தலையசைத்தான். "இது?" என்று தன் பள்ளிக்கூடச் சாக்ஸை நீட்டியபோது வெல்டர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏய், அவனை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடாதடி."

கடைசியில் கொடுக்க ஒன்றும் இல்லாமல், வெயிலில் ஆடிவிட்டு வந்த தலையையே அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து நீட்டினாள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்து, கூந்தலில் மூக்கைப் புதைத்தான். தங்கை கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவன் முதுகு மெல்ல ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. முகத்தை எடுக்கவே இல்லை.

"தெரியுதாப்பா?" என்றாள் மகள், குனிந்த தலையை அசைக்காமல்.